மைக் இல்லாத ரிமோட் போதும்

கதிரு,

போன வாரம் நீ போனில் அனுப்பிய மூன்று படங்களும் அப்படியே இருக்கின்றன. ஒன்று, டிவிக்குப் பின்னால் செருகுகிற குச்சி. இன்னொன்று, டிபன் டப்பா அளவில் கறுப்புப் பெட்டி. மூன்றாவது, எல்லாம் உள்ளேயே வைத்து வருகிற பெரிய டிவி. படம், நாடகம் எல்லாம் நெட்டில் நிற்காமல் பார்க்கலாம், இதில் எது வேண்டுமென்று சொல்லும்மா, கனடாவுக்குக் கிளம்புவதற்குள் மாட்டிவிட்டுப் போகிறேன் என்று கேட்டிருந்தாய். நான் பதில் போடவில்லை. நேற்று நீ மறுபடி கூப்பிட்டபோது மாட்டுக்குத் தண்ணீர் காட்டவேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டேன். மாட்டுக்கு அதற்கு முன்பே தண்ணீர் காட்டியாகிவிட்டது. போனில் இதைப் பேச ஆரம்பித்தால் எனக்கு அழுகைதான் வரும், நீயும் அங்கே ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு என்ன செய்வாய். அதனால் எழுதுகிறேன். பத்தாவது வரைக்கும் படித்த கை, எழுத்து கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். பொறுத்துப் படி.

உன் அப்பாவுடன் உட்கார்ந்து யாராலும் ஒரு படத்தை ஒழுங்காகப் பார்த்திருக்க முடியாது. உனக்கே தெரியும். அடுத்து யார் வருவான், எவன் ஏமாற்றுவான் என்று முன்னாலேயே சொல்லிக்கொண்டிருப்பார். வில்லன் பத்திரத்தில் கையெழுத்து வாங்க வந்தால், போடாதடா போடாதடா என்று டிவியைப் பார்த்துக் கத்துவார். தெருவில் போகிறவர்கள் நம் வீட்டில் சண்டை என்று நின்று கேட்டுவிட்டுப் போனதுண்டு. கொல்லை வரப்பில் நின்று அவர் கூப்பிட்டால் மோட்டார் கொட்டகையில் இருக்கிற எனக்குக் கேட்கும். அப்படிப்பட்ட குரல். அந்தக் குரலில்தான் அன்றைக்கு அந்த வார்த்தையையும் சொன்னார்.

நீ மேகலாவைப் பற்றிச் சொல்ல வந்த நாளை மறுபடி எழுத எனக்கு விருப்பமில்லை. ஆனால் எழுதாமல் மேலே போக முடியாது. தியாகதுருகம் பக்கத்துப் பெண், உன்னோடு ஒரே கம்பெனியில் வேலை செய்கிறாள் என்கிற வரைக்கும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அவள் அப்பா யார் என்று நீ சொன்னதும் எழுந்துவிட்டார். "நம்ம கொல்லையில கரும்பு வெட்ன ஆளுடா அவன். அவன் பொண்ணு இந்த வூட்டுக்கு வருதா? அந்தப் பேரு இனிமே இந்த வூட்ல கேக்கக் கூடாது" என்றார். நீ பையை எடுத்துக்கொண்டு கடைசி பஸ்ஸைப் பிடித்தாய். பதிவு அலுவலகத்தில் கல்யாணம் முடிந்து நீ அனுப்பிய போட்டோவை நான் அவருக்குக் காட்டவில்லை. அவர் சமையலறைப் பக்கம் வராத நேரமாகப் பார்த்து நான் மட்டும் பார்த்துக்கொள்வேன். உன்னிடமிருந்து போன் வந்தால் அவர் எழுந்து வெளியே போய்விடுவார். ஆனால் தூரமாகப் போகமாட்டார். ஜன்னல் ஓரமாக நின்று பீடி பற்றவைப்பார். அதை நான் உனக்குச் சொல்லியிருக்கவேண்டும்.

அதற்குப் பிறகு மக்காச்சோளத்துக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனவர் மடையிலேயே விழுந்து கிடந்தார். பக்கவாதம் என்று சேலத்துக்குக் கொண்டுபோனோம். நீ ஓடி வந்தாய். வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன, பேச்சும் போய்விட்டது. அவருக்கு எல்லாம் தெரிகிறது, புரிகிறது, சொல்ல நினைக்கிறது உள்ளே வந்து நிற்கிறது, நாக்குதான் திரும்பவில்லை என்று டாக்டர் சொன்னார். நீ கட்டில் பக்கத்தில் நின்று அப்பா அப்பா என்று கூப்பிட்டாய். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அதற்கப்புறம் நீ தனியாக வந்த ஒவ்வொரு முறையும் அதேதான் நடந்தது. உன்னோடு பேசாமல் இருந்த காலம் எங்கே முடிந்தது, பேச முடியாமல் போன காலம் எங்கே ஆரம்பித்தது என்று உனக்குத் தெரியாமலே போய்விட்டது. காரியம் முடிந்த அன்று நீ என் மடியில் தலை வைத்து, "கடைசி வரைக்கும் அவரு கோவம் தீரலம்மா" என்று சொன்னாய். அன்றைக்கு வீடு நிறைய ஆட்கள். இப்போது சொல்கிறேன், கேள்.

அவர் உன்னிடம் மட்டும் முகத்தைத் திருப்பவில்லை. சங்கராபுரத்திலிருந்து உன் மாமா வந்தாலும் அப்படித்தான், பால்காரன் வந்தாலும் அப்படித்தான். வாயைத் திறந்தால் எச்சில் ஒழுகும், வார்த்தை கொழகொழவென்று வரும், கேட்கிறவர் தலையை ஆட்டிவிட்டு வேறு பக்கம் பார்ப்பார். அது அவருக்குத் தாங்கவில்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் ஒரு நாளைக்கு இத்தனை வார்த்தை சத்தமாகச் சொல்லவேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். நான் எதிரே உட்கார்ந்து, சொல்லுங்க, மரம், சொல்லுங்க, மழை என்று கேட்டால் கண்ணை மூடிக்கொள்வார். இடது கையில் எழுதிக்காட்டச் சொல்லிப் பேனாவைக் கொடுத்தேன். வலது கையிலேயே கையெழுத்தைத் தவிர வேறு எழுதாதவர் இடது கையில் என்ன எழுதுவார். பேனா மூலையில் போய் விழுந்தது. பிறகு எல்லாவற்றுக்கும் கைஜாடைதான். தண்ணீர், சோறு, வெளியே போகவேண்டும், அவ்வளவுதான் எங்கள் பேச்சு.

நெட்டில் பார்க்கிறதுபோல ஏதாவது மாட்டலாம் என்ற யோசனை அப்போது நீ சொன்னதுதான். கேபிளில் சீரியல் வந்தால் அவருக்கு எரிச்சல், சானலை மாற்ற என்னைத்தான் கூப்பிடவேண்டும், கூப்பிடக் குரல் இல்லை. ஆன்லைனில் போட்டுவிடுகிறேன் என்றாய். நான்தான் கண்ணால் பார்த்து வாங்குகிறேன் என்று கள்ளக்குறிச்சிக்கு பஸ் ஏறினேன். கடையில் இருந்த பெண் பெட்டி, குச்சி எல்லாவற்றையும் எடுத்து வைத்தாள். நான் வலது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொரு ரிமோட்டையும் இடது கையால் எடுத்து, கட்டை விரலால் மட்டும் அழுத்திப் பார்த்தேன். அவள் முதலில் சிரித்தாள். விஷயத்தைச் சொன்னதும் மேசையைச் சுற்றி என் பக்கம் வந்துவிட்டாள். பெட்டியோடு வந்த ரிமோட் கனமாகவும் பட்டன் ஜாஸ்தியாகவும் இருந்தது, பிடித்த கை வழுக்கியது. குச்சியோடு வந்தது சின்னது, பட்டன் கம்மி. உங்கள் பழைய டிவியில் இதைச் செருகுகிற ஓட்டை இருக்கிறதா என்று கேட்டாள். தெரியவில்லை என்றதும், பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டு டிவியின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னோம். இருந்தது. பிறகு, இதில் மைக் இருக்கிறது, எழுத வேண்டாம், பட்டனைப் பிடித்துக்கொண்டு வேண்டியதைச் சொன்னால் போதும், தமிழில் சொன்னாலும் புரிந்துகொள்ளும் என்று பெருமையாகக் காட்டினாள். பேச முடியாத மனுஷனுக்கு மைக் எதற்கு என்று எனக்குத் தோன்றியது. வேறு எதுவும் அந்தக் கைக்குத் தோதாக இல்லாததால்தான் அதை வாங்கினேன். அவளே அதைத் தமிழுக்கு மாற்றிக் கொடுத்தாள்.

இன்டர்நெட்டுக்குக் கேபிள்காரர் ரோட்டோரமாக வந்த வயரிலிருந்து நம் வீட்டுக்கு ஒரு லைன் இழுத்துக் கொடுத்தார். கல்வராயன் மலையில் மழை பிடித்தால் நமக்கு லைன் போய்விடும். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். முன்பெல்லாம் கரண்ட் போனாலே ஆபீசுக்குப் போன் போட்டுச் சண்டை பிடிக்கிறவர், அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டு பேசாமல் படுத்திருப்பார்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில் நான் கொட்டகையில் பால் கறந்துகொண்டிருந்தபோது உள்ளே அவர் சத்தம் கேட்டது. கூப்பிடுகிறாரோ என்று ஓடி வந்தேன். ரிமோட்டை வாய்க்குப் பக்கத்தில் வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் போர்வைக்குள் மறைத்துக்கொண்டார், பீடி பிடித்து மாட்டிக்கொண்ட பையன் மாதிரி. திரையின் மேல்பக்கம் ஏதோ ஒட்டாத எழுத்துகள் இருந்தன. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்த மைக்கில் சொல்வதை அது திரையில் எழுதிக்காட்டுகிறது. எத்தனை தடவை தப்பாகச் சொன்னாலும் அது முகத்தைச் சுளிக்காது, பாவமே என்று உச்சுக்கொட்டாது. கேட்டதை எழுதும், அவ்வளவுதான். நான் ஒன்றும் பார்க்காத மாதிரி மறுபடி கொட்டகைக்குப் போய்விட்டேன். அன்றிலிருந்து பால் கறக்க வேண்டிய நேரத்தைவிட அதிக நேரம் வெளியே இருக்க ஆரம்பித்தேன்.

ஜன்னல் வழியாகத் திரை தெரியும். மழை என்று சொல்லிப் பார்ப்பார். மலை வரும், மாலை வரும். பல நாள் கழித்து ஒருநாள் மழையே வந்தது. கிணறு வந்தது. உன் பெயரைச் சொல்லிப் பார்த்ததும் எனக்குக் கேட்டது. குதிரை, குதிரை என்று எழுதி, வரிசையாகக் குதிரைப் படங்களைக் காட்டியது. அவர் சிரித்தார், கதிரு. வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு சிரித்தார். நோயில் விழுந்த பிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு அது. உன் பெயர் சரியாக வந்த அன்று காபியை முழு டம்ளரும் குடித்தார்.

அதன்பிறகு ஒரே வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். மேளம், மேளம் என்று திரையில் வந்துகொண்டே இருந்தது. மேளம் கேட்க ஆசைப்படுகிறார் என்று நினைத்து, கல்யாண மேளம், கோயில் மேளம் எல்லாவற்றையும் தேடிப் போட்டுவிட்டேன். இடது கையால் கட்டில் சட்டத்தை அடித்து நிறுத்தச் சொல்வார். ஒருவேளை உன் கல்யாணம் மேளமில்லாமல் நடந்ததை நினைத்துக் கோபப்படுகிறாரோ என்று நினைத்து, சமையலறையில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். மேளம் மறுநாளும் வரும். சில நாள் மேல என்று வரும். சில நாள் அதுவும் இல்லாமல் வெறும் மே என்று நிற்கும், ஆடுகளின் படம் வரும்.

கார்த்திகை மாதத்தில் ஒரு காலை. பால் பாத்திரத்தோடு உள்ளே வந்தேன். இந்தமுறை அவர் ரிமோட்டை மறைக்கவில்லை. திரையில் பெரிதாக மேகலா என்று எழுதியிருந்தது. நான் பாத்திரத்தோடு அப்படியே நின்றேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த வீட்டில் அந்தப் பெயரை நான் உன்னிடம் போனில்கூட வாய்விட்டுச் சொன்னதில்லை, அவள் எப்படி இருக்கிறாள் என்றுதான் கேட்பேன். அவர் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு, அது இல்லாமலே சொன்னார். "மே…க…லா. வா…ம்மா." கழுத்து நரம்பெல்லாம் புடைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக. சொல்லிவிட்டு வாசற்படியைக் கையால் காட்டினார்.

உடனே உன்னைக் கூப்பிடுகிறேன் என்று போனை எடுத்தேன். இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். நோயில் கிடக்கிறவர் பிடி மாதிரியே இல்லை, அவ்வளவு இறுக்கம். "நா… சொல்…றேன்" என்றார். எனக்குப் புரிந்தது. அந்தப் பெயரை வேண்டாம் என்று சொன்ன வாய் அவருடையது. அவள் வாசலுக்கு வரும்போது அந்த வாயாலேயே கூப்பிடவேண்டும், வேறு யாரும் தூது சொல்லக்கூடாது என்று நினைத்தார். சரி, நீங்களே சொல்லுங்கள் என்று அவருக்கு வாக்குக் கொடுத்தேன்.

அதனால்தான் அன்று சாயங்காலம் உன்னைக் கூப்பிட்டு, பொங்கலுக்கு இரண்டு பேரும் வாருங்கள் என்று மட்டும் சொன்னேன். அப்பா இன்னா சொல்வாரோ என்று நீ தயங்கினாய். அவர் ஒன்றும் சொல்லமாட்டார் என்று நான் தைரியம் சொன்னேன். நீ, "அதாம்மா பயம். ஒன்னும் சொல்லாம மூஞ்சத் திருப்பிக்கினா அவ தாங்க மாட்டா" என்றாய். உன்மேல் தப்பில்லை, கதிரு. நீ பார்த்ததெல்லாம் சுவர்ப் பக்கம் திரும்பிய முகத்தைத்தானே. சொல்லிவிடலாமா என்று வார்த்தை என் வாய்க்குள்ளேயே வந்து நின்றது. கட்டிலில் அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மாசியில் வருகிறோம் என்று சொல்லி நீ வைத்துவிட்டாய். அவரிடம் சொன்னேன். பரவாயில்லை என்று தலையை ஆட்டினார். இன்னும் பழகிக்கொள்ள நாள் கிடைத்தது என்று நினைத்திருப்பார். தினமும் காலையில் அந்த இரண்டு சொல்தான். மேகலா, வாம்மா. மேகலா, வாம்மா. தை மாதக் கடைசியில், நான் வெந்நீர் எடுத்து வருவதற்குள், மறுபடி மூளையில் அடைப்பு வந்து போய்விட்டார். மாசி பிறக்கவில்லை.

உன்னிடம் இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று இத்தனை நாளாக மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன். பொங்கலுக்கு வந்திருக்கலாமே என்று நீ காலம் முழுக்க நினைத்து நொந்துபோவாயோ என்று பயந்தேன். ஆனால் அப்பா வெறுத்துக்கொண்டே செத்தார் என்று நினைத்துக்கொண்டு நீ விமானம் ஏறுவதைவிட, இதைத் தெரிந்துகொண்டு அழுதுவிட்டுப் போவது மேல். அழு. தப்பில்லை. பொங்கலுக்கு வராததற்காக மட்டும் அழாதே. அவர் உன்மேல் கோபமாக இல்லை. உனக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

நீ கேட்டதற்கு வருகிறேன். பெரிய டிவி வேண்டாம். ஒரு ஆளுக்கு இந்த டிவியே போதும். நீ சொல்வதுபோலக் குச்சி பழசாகிவிட்டது உண்மைதான், படம் நின்று நின்று வருகிறது. போன மாதம் ஒருநாள் அந்த மைக் பட்டனைப் பிடித்துக்கொண்டு மழை என்று சொல்லிப் பார்த்தேன். ஒரே தடவையில் எழுதிவிட்டது. அவர் எத்தனை நாள் மல்லுக்கட்டிய வார்த்தை அது. எனக்கு அது பிடிக்கவில்லை. ரிமோட்டை வைத்துவிட்டேன், அந்தப் பட்டனைப் பிறகு தொடவில்லை. ஆகவே மைக் இல்லாத ரிமோட்டோடு ஏதாவது கிடைத்தால் அதை வாங்கு, விலை குறைந்ததாக இருந்தாலும் பரவாயில்லை. எழுத்தைத் தேடித் தேடி அழுத்திக்கொள்கிறேன், எனக்கு நேரம் இருக்கிறது. கனடாவில் உன் வீட்டுக்கு எதை வேண்டுமானாலும் வாங்கிக்கொள், ஆனால் கடைக்குப் போய்க் கையில் பிடித்துப் பார்த்து வாங்கு. யாருக்காக வாங்குகிறாயோ அவர்கள் கை எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டு பிடித்துப் பார்.

இன்னும் ஒன்று பாக்கி. அப்பாவைக் கிடத்தியிருந்த அன்று நீங்கள் சென்னையிலிருந்து வந்து இறங்கியபோது, நீ நேராக உள்ளே ஓடி வந்துவிட்டாய். மேகலா பந்தலுக்கு வெளியே, தென்னைமரத்துக்குப் பக்கத்தில் பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே வா என்று அவளை யாரும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அழுதுகொண்டிருந்த பெண்களெல்லாம் அழுகையை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள். நான் அவர் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "மேகலா, வாம்மா" என்றேன். என் வாயிலிருந்து அவள் பெயர் வருவது அதுதான் முதல் தடவை. அம்மாவுக்கு எங்கிருந்து அவ்வளவு தைரியம் வந்தது என்று நீ பிறகு கேட்டாய். அது என் தைரியமில்லை. நான் அவருடைய வார்த்தையைத்தான் சொன்னேன், அவர் பழகிவைத்திருந்த மாதிரியே.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கூட்டத்துக்கு நடுவே வந்தாள். உன் பெரியம்மா புடவையை ஒதுக்கி இடம் விட்டார். என் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையைத் தொடலாமா என்று என்னைப் பார்த்தாள். தொடு என்று தலையை ஆட்டினேன். நீ அப்போது வெளியே பெரியவர்களோடு பேசப் போயிருந்தாய், உனக்குக் கேட்டிருக்காது. அவள் குனிந்து, அவர் காதுக்கு மட்டும் சொல்வதுபோல, "வந்துட்டேன் மாமா" என்றாள். அவர் கூப்பிட்டது அவளுக்கு எப்படித் தெரியும்? தெரியாது. அவளாகவே சொன்னாள்.

நீ முன்னால் போகிறாய், அவளுக்கு விசா வர மாதக்கணக்காகும், அதுவரை ஹாஸ்டலில் இருப்பாள் என்று சொன்னாய். கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே செய்யலாம் என்றால், அவளுக்கு மனதிருந்தால், அந்த மாதங்களை இங்கே வந்து இருக்கட்டும். லைன் அப்படி ஒன்றும் மோசமில்லை, மலையில் மழை பெய்தால்தான் தொல்லை. நீ அவளைக் கட்டாயப்படுத்தாதே. இந்தக் கடிதத்தையும் அவளிடம் காட்டாதே. மேளத்தையும் ஆட்டுப் படத்தையும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து நானே சொல்லவேண்டும். மூன்று நாள் இந்த வீட்டில் இருந்துவிட்டுப் போனாள், அவள் நம்பரை வாங்கி வைத்துக்கொள்ள எனக்குத் தோன்றவில்லை. அதை மட்டும் இன்றைக்கே அனுப்பு. நான் கூப்பிடுகிறேன்.

அம்மா